தூசி போர்த்திய பூச்சி

மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில், மாதிரிகளைப் பெற்றுக்கொள்ளும் ஜன்னலுக்குப் பின்னால் பதினான்கு ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறேன். நோயாளிகள் நீட்டும் சிறு குப்பிகளை வாங்கி, வெளிப்புறத்தை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, பெயரும் தேதியும் நேரமும் எழுதிய சீட்டை ஒட்டி உள்ளே அனுப்புவது என் வேலை. துடைக்கப்படாத குப்பி எதுவும் என் ஜன்னலைத் தாண்டிப் போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த ஒரு பெரும் பிழைக்கு இந்தப் பழக்கமே காரணம் என்பதால் முதலிலேயே தெரிவித்துவிடுவது மரியாதை என்று தோன்றியது.

என் கணவரின் தங்கை கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தப் பிழை நடந்த சனிக்கிழமையோடு இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. அவளை வீட்டில் குட்டி என்றுதான் அழைப்பார்கள். முப்பத்துமூன்று வயதாகி, தானே ஒரு குட்டியைப் பெற்றெடுத்த பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. அவளுடைய கணவர் கப்பலில் பொறியாளர். கரைக்குத் திரும்ப இன்னும் நான்கு மாதம் இருந்தது.

அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகள் அவள் எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. அவளாகத் தேர்ந்தெடுத்த திருமணத்தைப் பற்றிக் கூடத்தில் ஆளாளுக்குப் பேசித் தீர்த்த நாளில், நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் அவள் பக்கம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் வாய் திறக்கவில்லையே என்பதுதான் அவளுடைய மனக்குறை. குழந்தை பிறந்த செய்தி கேட்டு என் கணவர் போய் நின்றபோது, அவள் அழுதுவிட்டு உடனே கிளம்பி வந்தாள். அந்த இருபத்தோரு நாளும் இந்த வீட்டில் குழந்தைத் துணி காயும் வாசனை இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதற்கு மேல் விளக்குவது அவசியமில்லை என்று எண்ணுகிறேன்.

மூன்றாவது வாரத்தில் குழந்தையின் கழுத்திலும் முகவாய்க்குக் கீழும் சிவந்த தடிப்புகள் தோன்றின. மருத்துவர், ஏதேனும் பூச்சி கடித்திருக்கலாம், ஒவ்வாமையாகவும் இருக்கலாம் என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு தடவத் தடவப் புதிய தடிப்புகள் வந்துகொண்டிருந்தன. நான் மெத்தையின் தையல் ஓரங்களை நான்கு முறை விரித்துப் பார்த்தேன். தரையை ஒரு நாளைக்கு மூன்று முறை துடைத்தேன்.

சனிக்கிழமை காலை, குட்டி அறையிலிருந்து அடக்கமான குரலில் கூப்பிட்டாள்.

“அண்ணி, இங்க வாங்க. தூசி நடக்குது.”

குழந்தையின் கட்டில் காலருகே ஆரஞ்சு விதை அளவுள்ள ஒரு சாம்பல் நிறத் தூசி உருண்டை இருந்தது. அது நான்கு அடி வைத்தது. நின்றது. யோசித்தது போல இருந்துவிட்டு மறுபடி நான்கு அடி வைத்தது. நான் கையிலிருந்த தம்ளரை அதன் மேல் கவிழ்த்தேன்.

“இதுதான் புள்ளையக் கடிக்குது,” என்றாள் குட்டி. “நான் அவரோட அண்ணனுக்கு போன் பண்ணப் போறேன். சாயங்காலம் கார் கொண்டு வரச் சொல்றேன்.”

பூட்டுக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். “ஒரு பூச்சியப் பாத்ததுக்கா மூட்டை கட்டுற?”

“உன் புள்ளையா இருந்தா தெரியும்.” சொன்ன மறுகணமே அவள் என்னைப் பார்த்தாள். சொல்லியிருக்கக் கூடாதென்று அவளுக்கே தெரிந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது. “என்னதான் தொடைக்கிறீங்க அண்ணி நீங்க, நாள் முழுக்க? இதைக் கொழுகொழுன்னு வளத்து வெச்சிருக்கீங்க.”

நான் தம்ளருக்கு அடியில் ஒரு தாளைச் செருகினேன். எங்கள் மருத்துவமனைச் சாலையின் கோடியில் விவசாய அலுவலகம் ஒன்று இருப்பதும், அதில் வீட்டிலும் தோட்டத்திலும் கிடைக்கும் பூச்சிகளையும் சிலந்திகளையும் பார்த்து இன்னதென்று சொல்லும் ஓர் அறை சனிக்கிழமை நான்கு மணி வரை திறந்திருப்பதும் எனக்குத் தெரியும். “கார் வர்றதுக்குள்ள கேட்டுட்டு வந்துடறேன்,” என்று மட்டும் சொன்னேன்.

“ஆறு மணிக்கு வருது,” என்றாள் குட்டி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். தம்ளருக்குள் இருந்த அந்தப் பிராணியை உற்றுப் பார்த்தபோது எனக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. தலை முதல் வால் வரை எங்கள் வீட்டுத் தூசி. நூல் துணுக்கு, முடித் துண்டு, பவுடர் மாவு. முன்பின் தெரியாத ஓர் அதிகாரியின் மேசையில் இப்படி ஒன்றை எப்படி வைப்பது? ஆகவே ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரை இளஞ்சூட்டில் கலந்து அதை அமிழ்த்தினேன். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் முதுகு, வயிறு, முகம் என்று முறையாகத் துடைத்தேன். அதன் உயிர் எந்தக் கட்டத்தில் போனதென்று கவனிக்கவில்லை. ஒரு புதிய குப்பியில் இட்டு, இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டினேன். அழுக்கெல்லாம் போன பிறகு அது பழுப்பாக, தட்டையாக இருந்தது. குட்டி குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மூட்டைப்பூச்சிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துத் துணி அடுக்கத் தொடங்கினாள்.

விவசாய அலுவலகத்தின் அந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. எனக்கு முன்னால் ஒரு பேருந்து ஓட்டுநர், சீருடையிலேயே, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்தபோது கதவு திறந்தே இருந்ததால் பேச்சு என் காதில் விழுந்தது.

“மேடம், இந்தச் சிலந்திக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு கட்டி. பாவமா இருந்துச்சு. ஏதாவது நோயா?”

“நோய் இல்ல சார். முட்டைப்பை. எங்க போனாலும் தூக்கிட்டே போகும். விஷயம் என்னன்னா, இன்னும் ரெண்டு மூணு நாள்ல உங்க ஜாடியில நூத்துக்கணக்குல புள்ளைங்க இருக்கும்.”

ஓட்டுநர் ஜாடியைக் கைநீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். “புள்ளத்தாச்சிய பஸ்ல நிக்க வெச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன்மா,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

உள்ளே இருந்த அதிகாரி ஏறத்தாழ என் வயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். நான் வணக்கம் சொல்லி, நேரம் எடுத்துக்கொள்வதற்கு மன்னிப்புக் கேட்டு, குழந்தையின் தடிப்பைப் பற்றிச் சொல்லி, குப்பியை இரு கைகளாலும் வைத்தேன். அவர் சீட்டைப் படித்தார்.

“அடேயப்பா. நிமிஷம்கூட எழுதியிருக்கீங்க. எல்லாரும் இப்படிக் கொண்டு வந்தா நான் கோயில் கட்டிக் கும்பிடுவேன்.” பூச்சியைக் கண்ணாடித் தட்டில் கொட்டி உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. இதக் குளிப்பாட்டினீங்களா?”

“ஆமாங்க மேடம்.”

“எதுல?”

“சோப்புத் தண்ணியிலங்க. அப்புறம் ஸ்பிரிட்டுல.”

“மூஞ்சியையும் தொடச்சீங்களா?”

“லேசாத்தாங்க.”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் நன்றியுடன் கவனித்தேன். “ஆறு கால்ல நாலுதான் இருக்கு. அது போகட்டும். குத்தி உறிஞ்சுற அலகு போயிடுச்சு. இந்தக் குடும்பத்துல சிலது மத்த பூச்சியக் குத்திக் குடிக்கும், சிலது மனுஷ ரத்தம் குடிக்கும். அலகு வளைஞ்சிருக்கா நேரா இருக்கான்னு பாத்தா பளிச்சுனு தெரியும். இப்போ சொன்னா அது ஊகம்தான். குழந்தை கட்டிலுக்குப் பக்கத்துலன்னு சீட்டுல எழுதியிருக்கீங்க. குழந்தை விஷயத்துல நான் ஊகத்துல சொல்ல மாட்டேன்.”

நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கையமர்த்தினார்.

“உக்காருங்கம்மா. இன்னொண்ணு கண்டிப்பா இருக்கும். உயிரோட வேணும். அழுக்கோட வேணும். அது இருந்த இடத்துக் குப்பையையும் கூடவே அள்ளிட்டு வாங்க. ஒரு விரல் கூட அது மேல படக் கூடாது. அது உங்களைக் கடிக்காம இருக்கவும்தான். நாலு மணிக்குக் கதவைச் சாத்திடுவேன். நாளைக்கு லீவு.”

வீட்டுக்கு வந்து அறையில் மண்டியிட்டேன். என் பதினான்கு ஆண்டுப் பழக்கம் அந்த அறையைப் பளிங்காக்கி வைத்திருந்தது. கட்டிலுக்கடியில் தரையில் என் முகமே தெரிந்தது. குட்டி வாசலில் நின்று பார்த்தாள்.

“என்ன தேடுறீங்க?”

“அதே மாதிரி இன்னொண்ணு. நான் அதைக் கெடுத்துட்டேன்.” நடந்ததைச் சொன்னேன்.

குட்டிக்கு உதடு துடித்தது. “மூஞ்சியத் தொடச்சீங்களா,” என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கோபம் இருப்பது நினைவுக்கு வந்தது போல முகத்தை இறுக்கிக்கொண்டாள். ஆனாலும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, கையில் டார்ச்சோடு வந்து எனக்குப் பக்கத்தில் படுத்தாள்.

என் கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், பூட்டுக்குள் பார்க்கும் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு அலமாரியை நகர்த்தினார். “குடும்பமே குப்பறப் படுத்துத் தூசி தேடுது. வெளியில சொல்லிடாதீங்க,” என்றார். அலமாரிக்குப் பின்னால், என் துடைப்பம் எட்டாத ஒரு மூலையில், விரல் தடிமனுக்குத் தூசி இருந்தது. வேறு நாளாயிருந்தால் எனக்கு உயிர் போயிருக்கும். அன்றைக்கு அதை ஒரு பொக்கிஷத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

மூவரும் மூச்சுவிடாமல் இருந்தோம். தூசியின் ஒரு துணுக்கு நான்கு அடி வைத்தது.

“ஆடாதே அண்ணே,” என்றாள் குட்டி. அவளே தாளை அதன் முன்னால் நீட்டி, அடியிலிருந்த குப்பையோடு சேர்த்து அள்ளி ஜாடிக்குள் இறக்கினாள். ஜாடியின் வாய்ப்புறத்தில் ஒட்டியிருந்த நூலை எடுக்க என் கை போனது. அவள் என் கையைத் தட்டினாள். “இப்படியே போங்க.”

நான்கு மணிக்குக் கால் மணி இருந்தபோது அதிகாரியின் மேசையில் ஜாடியை வைத்தேன். அவர் உருப்பெருக்கியைக்கூடத் தொடவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

“வாடா ராஜா,” என்றார் பூச்சியிடம். என்னிடம், “பயப்படாதீங்கம்மா. இது வேட்டைக்காரப் பூச்சியோட குஞ்சு. உடம்புல பிசுபிசுன்னு முடி இருக்கும். தூசிய இழுத்துப் போர்த்திக்கும். அப்படியே மறைஞ்சு நின்னு மத்த பூச்சியப் புடிச்சுத் தின்னும். மூட்டைப்பூச்சி கிடைச்சாலும் விடாது. நசுக்கினா, கையில புடிச்சா நல்லாக் கடிக்கும். தானா வந்து குழந்தையக் கடிக்கிறது இதோட வழக்கம் இல்ல,” என்றார்.

“அப்போ அந்தத் தடிப்பு...”

“அதத்தான் பாக்கணும். வேட்டைக்காரன் அங்க குடியிருக்கான்னா அவனுக்குச் சாப்பாடு அங்க இருக்குன்னு அர்த்தம்.” ஜாடியிலிருந்த குப்பையை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, ஊசி முனையால் கிளறினார். அரிசியில் பாதி நீளமுள்ள, மயிரடர்ந்த, பழுப்பு வரி போட்ட சட்டை ஒன்றைத் தனியே ஒதுக்கினார். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோல். அதைப் போல இன்னும் மூன்று. “இது ஒரு சின்ன வண்டோட புழு உரிச்சுப் போட்ட தோல். கம்பளி, ரோமம் மாதிரி எதையாவது தின்னும். இந்த முடி பட்டா சிலருக்குத் தோல் தடிச்சுப்போகும், அதுவும் பச்சைக் குழந்தைக்கு. அம்மா, குழந்தைக்குப் பழைய கம்பளி ஏதாவது போர்த்துறீங்களா?”

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பேருந்தில் வந்த வழியெல்லாம் அதிகாரி சொன்னதை மறந்துவிட மாட்டோமா என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் கம்பளி கிடையாது. அந்த அறையில் இருந்த ஒரே கம்பளி, குட்டி கொண்டுவந்த நீல நிறப் போர்வை. அவள் கணவர் குழந்தையாயிருந்தபோது போர்த்தியது. ஒரு தகரப் பெட்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்ததை, அவருடைய அம்மா எடுத்துக் கொடுத்திருந்தார். “அவர் வாசனை இதுல இருக்கு அண்ணி,” என்று சொல்லிக் குட்டி அதைத் துவைக்கக்கூட விடவில்லை. நாங்கள் ஒன்பது ஆண்டுகள் ஏற்க மறுத்த மனிதரின் போர்வை அது. அதைக் குறை சொல்லும் நாக்கு இந்த வீட்டில் யாருக்கு இருக்க முடியும்? பூச்சி ஆபத்தில்லாதது என்று மட்டும் சொன்னால் அவள் தங்கிவிடக் கூடும். போர்வையும் தங்கிவிடும்.

ஐந்தேகால் மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். பெட்டி பூட்டியாகிவிட்டது. குட்டி கட்டிலில் உட்கார்ந்து, பயணத்துக்காகக் குழந்தையை நீலப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள். போர்வையின் ஓரம் குழந்தையின் முகவாய்க்குக் கீழே போய் அமர்ந்தது.

“என்ன சொன்னாங்க?”

“அந்தப் பூச்சி நல்லதாம்மா. அது கடிக்கலையாம். நான் ஒண்ணு சொன்னா நீ மனசுல வெச்சுக்கக் கூடாது. நான் ஒண்ணும் குத்தம் சொல்றதா நினைக்காதே. எங்க வீட்டுலயும் எவ்வளவோ பழைய சாமான் இருக்கு...”

“அண்ணி, நீங்க விஷயத்துக்கு வர்றதுக்குள்ள கார் வந்துடும்.”

“போர்வைய எடு,” என்றேன். “குழந்தை மேல இருந்து இப்பவே எடு.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. குட்டி அசையவில்லை. அவள் முகத்தில் பழைய கூடத்துச் சண்டை முழுவதும் திரண்டு வருவதைப் பார்த்தேன். “இது யாரோட போர்வைன்னு தெரியும்தானே?”

“தெரியும். ஓரத்தைத் திருப்பிப் பாரு.”

“உங்களுக்கும் அவரோடது ஆகாமப் போச்சா?”

“அவரு வந்து இங்க உக்காந்திருந்தா அவருகிட்டயும் இதைத்தான் சொல்லுவேன். திருப்பிப் பாரு குட்டி.”

அவள் திருப்பவில்லை. நானே அருகில் போய், குழந்தையின் கழுத்தடியிலிருந்து போர்வையை விலக்கி, ஓரத்து மடிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்தேன். ஊசி குத்தியது போல வரிசையாகத் துளைகள். மடிப்புக்குள் பழுப்பு வரி போட்ட மூன்று புழுக்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்தன. ஒட்டியிருந்த காலிச் சட்டைகளை எண்ண எனக்கு மனம் வரவில்லை.

குட்டி குனிந்து பார்த்தாள். பிறகு குழந்தையைப் போர்வையிலிருந்து உருவி எடுத்து என் கையில் கொடுத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“நான்தான் கொண்டு வந்தேனா,” என்றாள். “இருபத்தோரு நாளா நான்தான் சுத்திச் சுத்திப் போர்த்தினேனா.”

“உனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரியல.”

“உங்களைச் சொன்னேனே.”

“சொல்லு. என்னைச் சொல்லாம வேற யாரைச் சொல்லுவ?”

அவள் அழுதாள். குழந்தை என் தோளில் கொட்டாவி விட்டது. அந்த நேரத்தில் நான் யாருக்கெல்லாம் நன்றி சொன்னேன் என்று எழுதினால் பட்டியல் நீளும். தூசியைப் போர்த்திக்கொண்டு இந்த அறையில் எங்களுக்காக உழைத்த அந்தச் சிறு பிராணி அதில் முதலில் வரும். நான் குளிப்பாட்டிக் கொன்ற அதன் உடன்பிறப்பிடம் மனதார மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

ஆறு மணிக்குக் கார் வந்தது. குட்டியின் கணவருடைய அண்ணன் கூடத்தில் அமர்ந்து தேநீர் குடித்தார். பெட்டி எங்கே என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் குட்டியைப் பார்த்தேன். குட்டி சுவரைப் பார்த்தாள்.

“பூச்சி மேடம் இந்தப் போர்வைக்கு என்ன பண்ணச் சொன்னாங்க, அண்ணி?” என்று கேட்டாள்.

“பிளாஸ்டிக் பைக்குள்ள காத்துப் போகாம கட்டி, ஃபிரீசர்ல வைக்கணுமாம். ரெண்டு வாரம். வெந்நீர்ல போட்டா சுருங்கிடும், இதுல பழுதாகாதுன்னாங்க.”

குட்டி அவர் பக்கம் திரும்பினாள். “பாத்தீங்களா மாமா. உங்க வீட்டுப் போர்வை ரெண்டு வாரம் ஃபிரீசர்ல இருக்கணும். உங்க தம்பியோடத இங்க தனியா விட்டுட்டு நான் எப்படி வர்றது?”

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு அதில் ஏதேனும் நியாயம் இருக்கிறதா என்று யோசித்தார். “சரிதான்,” என்றார் கடைசியில். காலிக் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் குழந்தையின் கழுத்து தெளிந்துவிட்டது. நான் ஒரு பிஸ்கெட் பெட்டியோடு விவசாய அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி வேண்டாம் என்று மறுத்து, பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டார். எங்கள் வேட்டைக்காரன் மேசை ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் உயிரோடு, அழுக்கோடு, நலமாக இருந்தான்.

இது நடந்து மூன்று மாதமாகிறது. ஃபிரீசரின் மேல் தட்டு முழுவதையும் அந்தப் பை அடைத்துக்கொண்டிருக்கிறது. பனிக்கட்டித் தட்டுக்கு இடமில்லை என்று என் கணவர் அவ்வப்போது முணுமுணுக்கிறார். இரண்டு வாரக் கெடு முடிந்து வெகுநாளாயிற்று என்பது வீட்டில் மூவருக்கும் தெரியும். அதை எடுத்துச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. வர வேண்டாம் என்றே வேண்டிக்கொள்கிறேன்.